கடலைத் திருத்தியவள்

கடல் தப்பு செய்தால் அதைத் திருத்த ஓர் ஆள் வேண்டாமா? துறைமுக அலுவலகத்தில் அந்த ஆள் அவள்தான். பத்தொன்பது வருஷமாகக் காலை ஒன்பதரைக்கு வருவாள். நாற்காலியின் ஆடும் காலுக்கு அடியில் மடித்த அட்டையைச் சொருகுவாள். முந்தின நாள் கடல் ஏதாவது பிழை செய்திருந்தால் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து முடித்துவிட்டுத்தான் முதல் வாய் தண்ணீர் குடிப்பாள். ஆபீசில் அவளுக்கு ரப்பரக்கா என்று பெயர். அவள் மேசையில் ரப்பரே கிடையாது. ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் மேசையைச் சோதனை போட்டா வைக்கிறார்கள்?

வேலை சுலபம். ஊருக்குள்ளிருந்து கடலுக்குள் நீண்டுபோகும் கடல்பாலத்தின் நுனியில் ஒரு கம்பம் நிற்கிறது. அதிலுள்ள கருவி தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஓயாமல் அளக்கும். சின்ன அலைகளை இயந்திரமே எண்ணி விட்டுவிடும். ஆள் உயரத்தைத் தாண்டிய ஒவ்வோர் அலைக்கும் ஒரு வரி அச்சாகி அவள் மேசைக்கு வரும்: எத்தனை மணிக்கு வந்தது, அலையில்லாத சமமட்டத்துக்கு மேலே எவ்வளவு ஏறியது, கீழே எவ்வளவு இறங்கியது. விதிப்புத்தகத்தின் பன்னிரண்டாம் விதியை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஓர் அலை மேலே ஏறிய அளவு, கீழே இறங்கிய அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அது அலை அல்ல; கருவிப் பிழை; நீக்கவும்.

விதியைக் குறை சொல்ல முடியாது. அது எழுதப்பட்ட காலத்தில் கருவி கரையிலிருந்து நாலு மைல் தள்ளி, ஆழக்கடலில் ஒரு மிதவையில் இருந்தது. அங்கே அலைகள் நாணயமானவை. எவ்வளவு ஏறுமோ ஏறக்குறைய அவ்வளவு இறங்கும். ஆனால் மாதாமாதம் கருவியைப் பார்வையிட வேண்டிய அப்போதைய அதிகாரிக்குப் படகில் கால் வைத்ததுமே குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம் நிர்வாக வசதியை முன்னிட்டுக் கருவி கடல்பாலத்தின் நுனிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஆழம் ஆறு மீட்டர்தான். அதிகாரி செருப்புக் காலோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். கருவி இடம் மாறியது. விதிப்புத்தகம் இருந்த அலமாரியை யாரும் அசைக்கவில்லை.

அதற்கு மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்? விதியைக் கொடுத்தார்கள், பென்சிலைக் கொடுத்தார்கள். அவள் அடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அழகாக அடித்தாள். அடிகோல் வைத்து, நடு எழுத்தில் கோடு போகும்படி. பத்தாவது வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து 'மிகச் சுத்தமான பதிவேடு' என்று சான்றிதழ் வந்தது. அது வீட்டு முன்னறையில், கணவரின் தையல் இயந்திரத்துக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அதைப் படித்துத்தான் தீரவேண்டும்.

பதிவேட்டின் சுத்தத்தில் சந்தேகம் கிளப்பியவர் ஒரே ஒருவர். கடல்பால நுனியில் படகுகளுக்குக் கயிறு கட்டுகிறவர். ஈரக் கயிற்றை இழுக்கும்போது வழுக்குமென்று செருப்பைக் கழற்றிப் பலகைத்தளத்தில் விட்டுவிட்டு வேலை பார்ப்பார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செருப்பு போய்விடும், பெரும்பாலும் ஒரு கால் மட்டும். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒத்தைச்செருப்பு.

"அக்கா, நேத்து சாயங்காலம் ஒண்ணு வந்துச்சு. பலகைக்கு மேல ஏறி, முட்டி வரைக்கும் நனைச்சு, செருப்பைத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"எத்தனை மணிக்கு தம்பி?"

"நாலே முக்கால் இருக்கும்."

அவள் தாளைப் புரட்டிப் பார்ப்பாள். "நாலே முக்காலுக்கு அலை எதுவும் வரலையே. ஒரு கருவிப் பிழைதான் வந்திருக்கு."

"அப்ப என் செருப்பைக் கருவிப் பிழையா கொண்டுபோச்சு?"

"அது எனக்கெப்படித் தெரியும். நீங்க கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்."

மனுஷன் சும்மா இருக்கவில்லை. தனக்கு ரப்பர் பூட்ஸ் தரவேண்டும் என்று தேதி, நேரத்தோடு ஆறு தடவை மனு போட்டார். ஆறுக்கும் பதில் போனது. 'பதிவேட்டின்படி அன்றைய தினம் பலகைத்தளத்துக்கு மேல் அலை எதுவும் ஏறவில்லை. ஆகவே தங்கள் செருப்பு போயிருக்க வாய்ப்பில்லை.' பதிலை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியதும் அவள்தான்.

அவள் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கையில் மகளுக்கு வேலை கிடைத்தது. மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்திருந்த பெண். தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு, "அம்மா, கடல்பாலத்து நுனியில புதுசா ஒரு பயணிகள் கூடம் கட்டறாங்களாமே, அங்க டிக்கெட் கவுன்டர்" என்றாள். "மூணு பக்கமும் கண்ணாடி. கடலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம்."

"கடல் உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார் அப்பா, வாயில் குண்டூசிகளோடு.

மறுநாள் அவள் அதிகாரியின் அறைக்குப் போய்க் கூடத்தின் மாதிரியைப் பார்த்தாள். அட்டையிலும் கண்ணாடியிலும் செய்து மேசை நடுவில் வைத்திருந்தார். உள்ளே விரல்கடை உயரத்தில் பிளாஸ்டிக் மனிதர்கள். எல்லாரும் கடல் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். அதிகாரி பேசும்போது அவர்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த அலுவலகத்தில் அவர் சொன்னபடி கேட்டு நகர்கிற ஊழியர்கள் அவர்கள் மட்டும்தான்.

"உங்க மகளுக்குப் பயமே வேண்டாம்மா. உங்க பதிவேட்டை வச்சுத்தான் தரை மட்டமே போட்டிருக்கோம். பத்தொன்பது வருஷத்துல பெரிய அலை மூணு மீட்டர். அதுல பாதி மேல, பாதி கீழ. ஒன்றரை. பாதுகாப்புக்கு இன்னொரு அரை. மொத்தம் ரெண்டு மீட்டர். தண்ணி ஏறி நிக்கற ஏத்தக் கடலுக்கு மேல ரெண்டு மீட்டர்ல தரை. பலகைத்தளத்துலேருந்து மூணே படி. வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை கான்கிரீட்."

தன் பதிவேட்டின் மேல் மகள் உட்காரப் போகிறாள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவிலேயே, மாலையில் கட்டட வேலையைப் பார்க்கக் கடல்பாலத்துக்கு நடந்தாள். அவள் அறையின் ஜன்னல் கிடங்குச் சுவரைப் பார்த்தது. பத்தொன்பது வருஷமாகக் கடலைத் திருத்தியவள், காற்றடிக்கிற நாளில் கடல்பாலத்து நுனிக்கு அதுவரை வந்ததே இல்லை. வரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

கயிறு கட்டுகிறவர் செருப்பைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்தப் பக்கம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஏத்தக் கடல் வேற."

"அலை ஒண்ணும் பெரிசா இல்லையே."

"ஏழெட்டு சும்மா போகும். ஒண்ணு நிமிந்து வரும்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் அலைகள் மெத்தைமேடு மாதிரி வழவழப்பாகத்தான் வந்தன. கரையை நெருங்க நெருங்க முன்னால் போனது தயங்கியது. பின்னால் வந்தது அதை நெருக்கியது. இரண்டு அலைகளுக்கு நடுவே தண்ணீர் பள்ளமாக இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. தட்டையாக, நீளமாக, பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்தப் பாயின் முனையில் ஒன்று ஒடுங்கி, கூர்ந்து, எழுந்து நின்றது. எழுந்ததும் அப்படியே நடந்து வந்தது. பலகைத்தளத்தின் மேல் ஏறி, அவள் முழங்காலை நனைத்துவிட்டு, கைப்பையை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, மனசில்லாமல் விட்டுவிட்டுப் போனது.

"இது எப்படிக் கீழ இறங்காம மேல மட்டும் ஏறுது?" என்றாள், கம்பியை விடாமல்.

"கீழ போக எடம் எங்கக்கா இருக்கு? ஆழமா இருந்தா இறங்கும். இங்க தரை தட்டுது. அதான் மொத்தத்தையும் மேல தூக்கிருது." அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு பத்து. நாளைக்குக் காலைல பாருங்க, கருவிப் பிழைன்னு வந்திருக்கும்."

வந்திருந்தது. நாலு பத்து, மேலே இரண்டு புள்ளி ஒன்று, கீழே சைபர் புள்ளி எட்டு. ஒன்றரை மடங்கு எங்கே, இரண்டரை மடங்குக்கும் மேலே. கை தன் பாட்டுக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்து அடிகோலைச் சரியாக வைத்துவிட்டது. முந்தின நாள் நனைந்த செருப்பு இன்னும் காயாமல் மேசைக்கு அடியில் சொதசொதவென்று இருந்தது. நனைந்தது நிஜம் என்றால் இது அலை. இது அலை என்றால்? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அடிக்க வேண்டிய வரியை அடிக்காமல் தண்ணீர் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் அப்போதுதான் தொந்தி வைத்த வாடிக்கையாளர் ஒருவருக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டு, துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மீட்டர்னா பாதி மேல, பாதி கீழன்னு கணக்கு போட்டிருக்காங்கங்க."

"யாரு?"

"எங்க அதிகாரி. பொறியாளர்."

"இப்ப போனாரே, அவருக்கு இடுப்புச் சுத்தளவு நாப்பத்தெட்டு. முன்னால இருபத்துநாலு, பின்னால இருபத்துநாலுன்னு வெட்டினா என்ன ஆகும்? பின்னால கூடாரம் மாதிரி தொங்கும், முன்னால பொத்தான் தெறிச்சு என் கண்ணுல அடிக்கும். தொந்தி முன்னாலதானே இருக்கு." கத்தரிக்கோலை எடுத்தார். "ஆளைப் பாக்காம நாடாவை மட்டும் பாத்தா அப்படித்தான்."

"கோடு போட்டு அடிச்சது நான்தான்ங்க."

அவர் வெட்டுவதை நிறுத்தினார். எத்தனை என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

அடித்த தாள்கள் கிடங்கில் இருந்தன. நல்ல பதிவேட்டை, ஆண்டுச் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, ஐந்து வருஷத்தில் எரித்துவிடலாம். அடித்த தாளை மட்டும், தணிக்கையில் கேட்டால் காட்ட, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ. அவளும் கயிறு கட்டுகிறவரும் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டுக் கட்டாகப் பிரித்தார்கள். கருவியை இடம் மாற்றிய பழைய உத்தரவும், வாந்தி விவரத்தோடு, அங்கேதான் கிடைத்தது. அவர் தன் ஆறு மனுக்களின் தேதியைப் படிக்க, அவள் தாளைத் தேடினாள். ஆறு நாளிலும், அவர் சொன்ன நேரத்தில், அடிகோல் வைத்துப் போட்ட ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"கோடு நேரா இருக்குக்கா" என்றார் அவர். நிஜமாகவே பாராட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே பாராட்டவில்லை.

மொத்தம் நானூற்றுப் பதினேழு அலைகள். அவற்றில் பெரியது மேலே இரண்டு புள்ளி ஒன்பது மீட்டர் ஏறியிருந்தது. கூடத்தின் தரை இரண்டு மீட்டரில். டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் தண்ணீர் எதுவரை வரும் என்று மனசிலே கணக்குப் போட்டுப் பார்த்தாள். மார்பு வரை. கண்ணாடி உடையாமல் இருந்தால் என்ன, உடைந்தால் என்ன என்கிற பகுதியை அவள் கணக்குப் போடவில்லை.

திங்கட்கிழமை அதிகாரியின் முன்னால் தாள்களை வைத்தாள். அவர் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். இரண்டு தடவை 'அப்படியா' என்றார். பிளாஸ்டிக் மனிதர் ஒருவரை எடுத்துச் சுவரோரமாக வைத்தார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்னே வச்சுக்குவோம். கூடத்தோட வரைபடத்தை மாத்த ஒரு காரணம் எழுதணுமே."

"பன்னெண்டாம் விதி இந்த இடத்துக்குப் பொருந்தாதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"அங்கதாம்மா சிக்கல். அந்த விதியை எழுதினவர் யாரு தெரியுமா? இப்ப தலைமைப் பொறியாளர். கூடத்தைத் திறந்து வைக்க வரப்போறவரே அவர்தான். விதி தப்புன்னு எழுதினா கோப்பு அவர் மேசைக்குப் போகும். அவர் ஒரு குழு போடுவார். குழு ரெண்டு வருஷம் டீ குடிக்கும். கான்கிரீட் வியாழக்கிழமை."

"அப்ப என்ன பண்றது சார்?"

"ஊழியர் கவனக்குறைவுன்னு எழுதினா நானே இங்க கையெழுத்து போட்டுத் தரையை உயர்த்திருவேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு." காகிதத்தை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு ஒரு மெமோ வரும். அந்தச் சான்றிதழைத் திருப்பிக் கேப்பாங்க. வேற ஒண்ணும் ஆகாது. எப்படியும் எட்டு மாசம்தானே."

எட்டு மாசம்தானே. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. விதியில் உள்ள காற்புள்ளியைக்கூட மீறியதில்லை. மீறியிருந்தால் இன்று நல்ல பெயரோடு போகலாம். மீறாத குற்றத்துக்குத்தான் கவனக்குறைவு என்று பெயர். இதே மாதிரி, நடந்ததை நடக்கவில்லை என்று ஒரு மனுஷனுக்கு ஆறு தடவை முத்து முத்தாகப் பதில் எழுதியதும் நினைவுக்கு வந்தது. அவருக்குச் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேசை மேல் மாதிரிக் கூடத்தின் கவுன்டரில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. முகம் கிடையாது, மலிவான வகை.

"எத்தனை மீட்டருக்கு உயர்த்துவீங்க சார்?"

"ரெண்டே முக்கால்?"

"மூணரை."

"மூணரைன்னா பன்னெண்டு படி வரும்மா. பயணிகள் புலம்புவாங்க."

"மூணரைன்னு முதல்ல நீங்க எழுதிக் கையெழுத்து போடுங்க. அப்புறம் நான் எழுதறேன்."

அலுவலகத்தில் யாரும் அவரிடம் இந்த வரிசையில் பேசியது கிடையாது. அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார். அவள் வாங்கிப் படித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்துவிட்டு, 'என் கவனக்குறைவால் நானூற்றுப் பதினேழு உண்மையான அலைகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன' என்று எழுதினாள். கையெழுத்து வழக்கம்போல் அழகாகத்தான் வந்தது.

மெமோ நாலே நாளில் வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து எதுவும் அத்தனை வேகமாக வந்ததாகச் சரித்திரம் இல்லை. கணவர் சான்றிதழைச் சட்டத்திலிருந்து உருவிக் கொடுத்துவிட்டு, "அந்த ஆணி காலியாத்தானே இருக்கு" என்று அளவு நாடாவை மாட்டிக்கொண்டார். அன்று இரண்டு வாடிக்கையாளர்கள், இங்கே ஏதோ மாட்டியிருந்ததே என்று கேட்டார்கள். "காலாவதி ஆயிருச்சு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வந்தது. அடுப்பில் ஏதோ தீய்ந்ததால் இரண்டையும் ஒத்திவைத்தாள்.

கயிறு கட்டுகிறவருக்கு அவள் ஏழாவது பதில் ஒன்றை எழுதி, அதிகாரியின் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'திருத்தப்பட்ட பதிவேட்டின்படி, தங்கள் செருப்புகள் போயிருக்க வாய்ப்பு உண்டு.'

"வாய்ப்பு உண்டாமா?"

"இதுக்கு மேல ஆபீஸ் இறங்கி வராது தம்பி."

"பூட்ஸு?"

"அதுக்கு நீங்க தனியா மனு போடணும்."

கூடம் ஆறு மாதத்தில் எழும்பியது. திறந்து வைக்க வந்த தலைமைப் பொறியாளர் எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "எதுக்குய்யா இவ்வளவு உயரம்?" என்றார். "ஒரு கிளார்க் பண்ணின தப்பு சார், நேரத்துல கண்டுபிடிச்சுத் திருத்திட்டோம்" என்றார் அதிகாரி. பெரியவர் தலையை ஆட்டினார். கிளார்க் ஒன்பதாவது படியில், தட்டில் கத்தரிக்கோலும் ரிப்பனுமாக நின்றுகொண்டிருந்தாள்.

மகள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே புலம்பல் ஆரம்பித்துவிட்டது. வயசானவர்கள் பன்னிரண்டு படி ஏறி வந்து அவளைத்தான் திட்டுகிறார்களாம். பெட்டி தூக்கி வருகிறவர்கள் கட்டினவன் யார் என்று கேட்கிறார்களாம். "எங்கம்மாதான்னு சொல்லவா?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள். "சொல்லு, கூட்டம் குறையும்" என்றார் அப்பா.

அவள் ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. காற்றுக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் கிடங்குச் சுவரின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நாலைந்து தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய், சுவரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்றரைக்கு மேசை போன் அடித்தது. மகள்.

"அம்மா, காத்து அடிக்குதேன்னு பயந்துக்கிட்டு இருப்பியேன்னு பண்ணேன். இங்க ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணும் ஆகலைன்னா?"

"தரைக்கு அடியில தொம்முன்னு ஒரு சத்தம். லேசா அதிர்ந்துச்சு. கண்ணாடில நாலு சொட்டுத் தெறிச்சுது. வெளிய பலகைத்தளத்து மேல இருந்த பெஞ்சை மட்டும் காணோம். அவ்வளவுதான்."

"யாராவது வெளிய இருந்தாங்களா?"

"யாரும் இல்லம்மா. கயிறு மாமா எல்லாரையும் முன்னாடியே மேல ஏத்தி விட்டுட்டாரு. இப்ப இங்க எல்லாரும் சிரிக்கறாங்க. இந்தச் சொட்டுத் தண்ணிக்கா இவ்வளவு உயரமா கட்டினாங்கன்னு."

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அட்டை விலகி நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. சரி செய்யத் தோன்றவில்லை.

"மணி எத்தனைக்கு அந்தச் சத்தம்?"

"மூணு இருபது இருக்கும். எதுக்கும்மா?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளா? சரி வைக்கறேன், ஒரு பெரியவர் வந்து திட்டறதுக்கு நிக்கறார். முழங்கால் போச்சாம் அவருக்கு."

"அவரை முதல்ல உக்காரச் சொல்லு. குடிக்கத் தண்ணி குடு" என்றாள் அவள். "பன்னெண்டு படி கொஞ்சம் அதிகம்தான்னு நான் சொன்னேன்னு சொல்லு."